அக்கா பையன் ட்ரோனுக்கு கேமரா மாட்டின கதை

மக்களே, இது கொஞ்சம் நீளமான த்ரெட். வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற ஆள் இன்னைக்கு ட்ரோன் பத்தி எழுதுறேன். பொறுமையா படிங்க. இதுல நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு. சொல்லப்போனா அதுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். பொங்கலுக்கு அவன் சித்தப்பா ஒரு சின்ன ட்ரோன் வாங்கிக் கொடுத்தார். பிளாஸ்டிக் உடம்பு, நாலு குட்டி மோட்டார், ஒரு செல் லித்தியம் பேட்டரி. கேமரா கிடையாது. ஏழு நிமிஷம் பறக்கும், அப்புறம் முக்கால் மணி நேரம் சார்ஜ் போடணும். ஒரு மாசம் ஹாலுக்குள்ளயே விட்டு ஃபேன்ல மோதி, திரைச்சீலைல மாட்டி, ஒருவழியா ஓட்டக் கத்துக்கிட்டான். அடுத்த நாளே என்கிட்ட வந்தான்.

"மாமா, இதுல ஒரு கேமரா மாட்டலாமா?"

நியாயமான ஆசைதானே. கேமராவோட வர்ற ட்ரோனா வாங்கலாம்னு பார்த்தா விலை எங்கயோ இருக்கு. வெளிநாட்டுல தயாரான முழு ட்ரோனை இறக்குமதி பண்ண 2022 பிப்ரவரியில மத்திய அரசு தடை போட்டுடுச்சு. ஆனா உதிரி பாகங்களுக்குத் தடை இல்ல. அதனால இந்த ஹாபிக்காரங்க பாதிப்பேர் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் ஆன்லைன்லயும் துண்டு துண்டா வாங்கித்தான் ஒப்பேத்துறாங்க. நானும் ஒரு டூட்டி ஆஃப் அன்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். என் பட்ஜெட்டைச் சொன்னதும் கடைக்காரத் தம்பி சிரிச்சார். அப்புறம் ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு விளக்கமா சொன்னார்.

கம்மி விலையில மூணு வழி இருக்கு. முதலாவது, சாவிக்கொத்து சைஸ்ல வர்ற குட்டி வீடியோ கேமரா. அதுக்குள்ளயே பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் இருக்கும். ட்ரோன்ல ஒட்டிட்டு பட்டனை அமுக்கினா போதும், ஒரு ஒயர் கூட இணைக்க வேண்டாம். ஆனா இறங்கின பிறகுதான் என்ன எடுத்திருக்குன்னு பார்க்க முடியும்.

ரெண்டாவது, காலேஜ் பசங்க ப்ராஜெக்டுக்கு வாங்குற ஈஎஸ்பி32 கேமரா போர்டு. இருக்கிறதுலயே சல்லிசு. 2 மெகாபிக்சல், வைஃபை வழியா போன்லயே படம் பார்க்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு 5 வோல்ட் வேணும், ட்ரோன் பேட்டரி குடுக்கிறது 3.7 வோல்ட். நடுவுல வோல்டேஜை ஏத்துற ஒரு போர்டு போடணும், அது இன்னும் எடை. போதாததுக்கு அதோட வைஃபை ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. பொம்மை ட்ரோன் ரிமோட் பெரும்பாலும் வேலை செய்யறதும் அதே 2.4லதான். ரெண்டும் ஒரே அலைவரிசையில கத்தினா, ரிமோட் சொல்றது ட்ரோன் காதுல சரியா விழாது. ட்ரோன் கை நழுவிப் போறதுக்கு அது ஒண்ணு போதும்.

மூணாவது, கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் ஒண்ணா சேர்ந்த 5.8 கிகாஹெர்ட்ஸ் மாடல். நாலஞ்சு கிராம்தான். படம் தாமதமில்லாம நேரடியா வரும், ரேஸ் விடுற பசங்க இதைத்தான் வெச்சிருக்காங்க. ஆனா அந்தப் படத்தைப் பிடிக்க ரிசீவர் தனியா வாங்கணும், கேமராவை விட அது விலை. ஆன்டெனா இல்லாம ஆன் பண்ணிட்டா டிரான்ஸ்மிட்டர் புகைஞ்சு போகவும் வாய்ப்பு இருக்கு. எட்டாவது படிக்கிற பையன் கையில வேண்டாம்னு தோணுச்சு.

முதலாவதையே வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேல் கூட்டைக் கழட்டி, சமையலறைத் தராசுல வெச்சேன். 14 கிராம். ட்ரோன் 98 கிராம். "14 கிராம்தானே மாமா"னு பையன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

விடுங்க பார்ப்போம்னு விட்டா, ஏழு நிமிஷம் பறந்தது அஞ்சு நிமிஷத்துல மூச்சு வாங்கிட்டு இறங்குது. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. எடை எந்த அளவுக்குக் கூடுதோ, அதை விட வேகமா அந்தரத்துல நிக்கத் தேவையான சக்தி கூடும். 98 கிராம் 112 ஆனா எடை 14 சதவீதம்தான் அதிகம், ஆனா சக்தி ஏறக்குறைய 22 சதவீதம் அதிகமா வேணும். பேட்டரியும் அவ்வளவு வேகமா கரண்டைக் குடுத்துப் பழக்கமில்லாதது, சீக்கிரம் வோல்டேஜ் விழுந்துடும். மோட்டாரைத் தொட்டா சுடுது. இதய நோயாளிக்கு ஏன் உப்பைக் குறைக்கச் சொல்றோம், உடம்புல நீர் சேர்ந்தா இதயத்துக்கு என்ன ஆகும்னு பையனுக்குச் சொல்ல நல்ல சந்தர்ப்பம் கிடைச்சுது. அவன் கேட்கல, அது வேற விஷயம்.

அடுத்து பேலன்ஸ். முன்னாடி ஒட்டினா மூக்கு கீழ சாயுது, ட்ரோன் முன்பக்கமா ஓடுது. ரெண்டு பக்கமும் ஆள்காட்டி விரலை நடுவுல வெச்சுத் தூக்கிப் பாருங்க, எந்தப் பக்கம் சாயுதுன்னு உடனே தெரியும். கேமராவை நடு வயித்துக்குக் கீழ கொண்டுவந்து, பேட்டரியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினதும் சரியாச்சு.

அப்புறம் வீடியோ. முதல் வீடியோவுல எங்க வீட்டு ஹால் முழுக்க ஜெல்லி மாதிரி ஆடுது. இந்தச் சின்ன கேமராக்கள் படத்தை ஒரே நேரத்துல எடுக்காது, வரி வரியா மேலருந்து கீழ படிக்கும். அதுக்குள்ள மோட்டார் அதிர்வுல கேமரா ஆடிடும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்துல நின்னு எடுத்த மாதிரி ஆகிடும். கேமராவை நேரடியா ஒட்டாம நடுவுல காதுல வைக்கிற ஸ்பாஞ்ச் அடைப்பானை வெட்டி வெச்சு, மேல மைக்ரோபோர் பிளாஸ்திரி போட்டேன். பாதி குறைஞ்சுது. மீதி குறைஞ்சது, வளைஞ்சிருந்த ஒரு இறக்கையை மாத்தினப்போ. நீங்க செஞ்சா முதல்ல இறக்கையைப் பாருங்க, அப்புறம் ஸ்பாஞ்ச்.

டாக்டரா ரெண்டு வார்த்தை. இறக்கைக்கு பிளாஸ்டிக் கார்டு இல்லாம குழந்தைங்க கையில குடுக்காதீங்க. விரல்ல பட்டா தையல் போட்டு அனுப்பிடலாம், கண்ணுல பட்டா அப்படி இல்ல. பட்டுட்டா தேய்க்காதீங்க, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீங்க, அழுத்திக் கட்டவும் வேண்டாம். நேரா கண் ஆஸ்பத்திரி. எழும்பூர்ல, 1819ல தொடங்கின அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கு, காசு கேட்க மாட்டாங்க. பேட்டரி உப்பிப் போச்சுன்னா சார்ஜ் போடாதீங்க. ராத்திரி தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டு தூங்கவே தூங்காதீங்க.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணி. காத்து இல்ல. செம்பாக்கத்துல எங்க மொட்டை மாடியிலருந்து பையன் ட்ரோனை ஏத்தினான். முப்பது நாப்பது அடி இருக்கும். சுத்தி ஒரு ரவுண்டு போயிட்டு இறங்குச்சு. ரெண்டு பேரும் கார்டை லேப்டாப்ல போட்டு உட்கார்ந்தோம்.

நல்லாவே இருந்துச்சு. தண்ணி டேங்குங்க வரிசையா, தென்னை மரத்து உச்சி, தூரத்துல ஏரித் தண்ணி மின்னுறது. அந்த ஏரி நிறைஞ்சா நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும்னு பையனுக்குச் சொல்லிட்டிருந்தேன். அப்பதான் எதிர்வீட்டு மாடி வந்துச்சு. அந்தம்மா நைட்டியோட தலையை விரிச்சுப் போட்டுக் காய வெச்சிட்டிருக்காங்க. ட்ரோன் திரும்புது. பின்பக்க பால்கனி. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற அவங்க பொண்ணு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருக்கு.

ரெண்டு செகண்ட்தான். நான் லேப்டாப்பை மூடிட்டேன். பையன் ஒண்ணும் கேட்கல. அவன் கேட்டிருந்தா பரவாயில்லன்னு தோணுச்சு.

நான் தினமும் பாக்குற வேலையில இருக்கிறவன். ஒரு பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது பக்கத்துல ஒரு சிஸ்டர் நிக்கணும். திரையை இழுத்து விடணும். எங்க தொடப்போறோம், ஏன்னு முதல்ல சொல்லணும். ஒரு புண்ணை போட்டோ எடுத்து சீனியருக்கு அனுப்பணும்னா கூட கேட்டுட்டுத்தான் எடுக்கணும். இதெல்லாம் படிச்சு, செஞ்சு, ஜூனியர்ஸைத் திட்டியும் இருக்கேன். மொட்டை மாடிக்கு ஏறினதும் அந்த ஞாபகமே வரல. கேமரா இல்லாத வரைக்கும் அந்த ட்ரோன் ஒரு தட்டான்பூச்சி. எந்த வீட்டு மாடிக்கு மேல போச்சுன்னு நான் யோசிக்க வேண்டிய தேவையே இருந்ததில்ல.

கார்டை ஃபார்மேட் பண்ணினேன். அப்புறம்தான், அதாவது எல்லாம் முடிஞ்ச பிறகு, சட்டத்தைப் படிச்சேன். 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ. ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். அதைப் படிச்சிட்டுத்தான் நிறைய பேர் நிம்மதியா விட்டுட்டு இருக்கோம். ஆனா வான்வெளிக்கு பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு நிறம் பிரிச்சிருக்காங்க. நானோவா இருந்தாலும் மஞ்சள், சிவப்புல அனுமதி இல்லாம விடக்கூடாது. இயங்குற விமான நிலையத்தோட எல்லையிலருந்து 8 கிலோமீட்டருக்குள்ள பச்சையே கிடையாது. எங்களுக்குப் பக்கத்துலயே தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன். பைலட்டுகளுக்குப் பயிற்சி குடுக்கிறவங்களைத் தயார் பண்ற ஸ்கூலே அங்கதான் இருக்கு. தினமும் தலைக்கு மேல விமானச் சத்தம் கேட்டுட்டே வளர்ந்த எனக்கு இது தோணியிருக்கணும். டிஜிட்டல் ஸ்கை தளத்துல மேப் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். பறக்க விடுறதுக்கு முன்னாடி பாருங்க, என்னை மாதிரி பின்னாடி பார்க்காதீங்க.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77. தன்னை யாரும் பார்க்க மாட்டாங்கன்னு நம்பி ஒரு பெண் அந்தரங்கமா இருக்கும்போது பார்க்கிறதும் படம் எடுக்கிறதும் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷத்துலருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்.

ஆளில்லாம போற வண்டியும் கேமராவும் நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் புதுசில்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களோட தக்‌ஷா அணி 2018ல ஆஸ்திரேலியாவுல நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில ரெண்டாவது இடம் வாங்குச்சு. தூரத்துல இருக்கிற நோயாளிகிட்ட இருந்து ரத்த மாதிரியை ட்ரோன் தானா எடுத்துட்டு வரணும், அதான் போட்டி. 2016 ஜூலை 22 அன்னைக்கு இதே தாம்பரத்துலருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின ஏஎன்-32 விமானம் 29 பேரோட காணாம போனது ஞாபகம் இருக்கா? ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில, 3,400 மீட்டர் ஆழத்துல அதோட பாகங்களைப் படம் எடுத்தது ஆளில்லாத ஒரு நீர்மூழ்கி. அதை இயக்கினது பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். நான் தினமும் போற வேளச்சேரி ரோட்டுலதான் அந்த ஆபீஸ். அந்த 29 குடும்பங்களும் அப்படி ஒரு படத்துக்காகத்தான் காத்துட்டு இருந்திருப்பாங்க. எதிர்வீட்டு அம்மா எதுக்கும் காத்துட்டு இல்ல. தலை காய வெச்சாங்க, அவ்வளவுதான்.

அவங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு ரெண்டு நாள் ஓடுச்சு. அழிச்சாச்சு, எதுக்கு வீணா சங்கடம்னு ஒரு மனசு. அக்காவும் அதையேதான் சொன்னா. "சொன்னா அந்தப் பொண்ணு பால்கனி பக்கமே வராதுடா." அதுவும் உண்மைதான். ஆனா தினமும் எதிர்ல பார்க்கிறோம், வணக்கம் சொல்றாங்க. எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியல.

மூணாம் நாள் சாயங்காலம் பையனையும் கூட்டிட்டுப் போனேன். வாசல்லயே நின்னு சொன்னேன். கேமரா மாட்டினது, மாடி தெரிஞ்சது, பால்கனியும் தெரிஞ்சது, அழிச்சது, இனிமே இங்க விட மாட்டோம்ங்கிறது எல்லாம்.

அந்தம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க:

"சத்தம் கேட்டுச்சு டாக்டர் தம்பி. பொண்ணு உள்ள எழுந்து போகப் பார்த்தா. நான்தான், டாக்டர் வீட்டு மாடியிலருந்துதான்டி வருது, நீ உட்காருன்னு சொன்னேன்."

திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன். இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. பையன்தான் "சாரி பாட்டி"ன்னான். அவங்க அவனுக்கு ஒரு முறுக்கு குடுத்தாங்க. எனக்குக் குடுக்கல. பொண்ணு வெளிய வரல.

போன மாசம் திண்டிவனம் பக்கம் அக்கா மாமியார் ஊருக்குப் போனோம். கிளம்புறதுக்கு முன்னாடியே மேப்ல அந்த ஊர் பச்சைன்னு பையன் பார்த்து வெச்சிருந்தான். அறுவடை முடிஞ்ச வயல், பக்கத்துல ஒரே ஒரு ஓட்டு வீடு. திண்ணையில ஒரு பெரியவர். அவன் ட்ரோனைக் கையில வெச்சுக்கிட்டு நேரா அவர்கிட்ட போனான். "தாத்தா, இதுல கேமரா இருக்கு. மேல விட்டா உங்க வீடு தெரியும். விடலாமா?"

பெரியவர் ட்ரோனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள ஆம்பளைங்க யாரும் இல்ல, மருமக குளிக்கப் போயிருக்கு, செத்த இரு"ன்னார். இருந்தோம். இருபது நிமிஷம். மருமகள் வந்து, அவங்களும் சரின்னு தலையாட்டின பிறகுதான் ஏத்தினோம். நாலு நிமிஷம் நாப்பது செகண்டுல பேட்டரி முடிஞ்சுது.

வீடியோ இன்னமும் லேசா ஆடத்தான் செய்யுது. ஆனா கூரையில வடக்குப் பக்கமா நாலு ஓடு உடைஞ்சு கிடக்கிறது தெளிவா தெரிஞ்சுது. பெரியவர் லேப்டாப் மேலயே விரலை வெச்சு எண்ணினார். "அதான் போன மழைக்கு அடுப்படியில ஒழுகுச்சு"ன்னு உள்ள பார்த்துக் குரல் குடுத்தார். மருமகள் வந்து எட்டிப் பார்த்துட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னாங்க.