நினைவின் மீது பழி

பழைய பிளேஸ்டேஷன் 2-ஐப் புது டிவியில் மாட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான்: "இதையா அப்ப விழுந்து விழுந்து ஆடினோம்?" எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிகிறது. கார் நகர்ந்தால் அதன் விளிம்பு சீப்புப் பல் மாதிரி பிரிகிறது. உடனே, அன்று அழகாகத் தெரிந்ததெல்லாம் சின்ன வயசு மயக்கம் என்று நினைவின் மீது பழியைப் போட்டுவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2000-இல் வந்த அந்த இயந்திரம் பிக்சர் டியூப் டிவியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. பெரும்பாலான கேம்களில் அது முழுப் படத்தை ஒரே வீச்சில் அனுப்பாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். பிக்சர் டியூப் வந்ததை வந்தபடி வரைந்தது. மீதியைக் கண் சேர்த்துக்கொண்டது. எல்சிடிக்கு எல்லா வரிகளும் ஒன்றாக வேண்டும். அதனால் டிவி அரைப் படங்களைப் பிடித்து வைத்து, ஒட்டி, இல்லாததை ஊகிக்கிறது. ஊகிக்க நேரம் பிடிக்கும்.

அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். போன பொங்கலுக்கு வந்திருந்த அண்ணன், ரேஸில் என்னை ஒருமுறைகூட ஜெயிக்க விடாதவன், வளைவுக்கு வளைவு சுவரில் மோதினான். "வயசாயிடுச்சுடா, கை வரல" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். நாற்பதுகூட ஆகவில்லை அவனுக்கு. டிவி செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டேன். படத்தை மெருகேற்றும் வேலைகளை டிவி குறைத்துக்கொண்டது. மூன்றாவது ரேஸில் பழைய திமிர் திரும்பி வந்துவிட்டது.

அடுத்தது கேபிள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்தே போகின்றன. போட்ட டீயிலிருந்து பாலைப் பிரிக்கிற கதைதான். பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனென்ட் கேபிள் அவற்றைத் தனித்தனியாகக் கொண்டுபோகும். மஞ்சள் வயர் இருக்கும்போதே சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபியிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறங்கள் தாறுமாறாகும். டிவியில் காம்போனென்ட் துளையே இல்லையென்றால் ஓஎஸ்எஸ்சி மாதிரி ஒரு பெட்டி உண்டு. முழுப் படத்துக்காகக் காத்திராமல் வரி வரியாக இரட்டித்து எச்டிஎம்ஐயில் தரும். படம் லேசாக நடுங்கும், ஆனால் கை பிந்தாது. கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பு மாதிரி சில கேம்களில் 480பி வசதியே இருக்கிறது. அதைப் போட்டால் ஒட்டுவேலையே தேவையில்லை. கடைசியாக, திரையை 4:3-க்கு மாற்றுங்கள். கார் சக்கரம் முட்டை வடிவத்திலிருந்து வட்டத்துக்குத் திரும்பும்.

இதில் எதுவும் படத்தில் புதிதாக ஒரு புள்ளியைச் சேர்ப்பதில்லை. வழியில் தொலைவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அது போதுமானதாக இருக்கிறது என்பதே எனக்குச் சாட்சி. நாம் பார்த்தது அங்கே இருந்தது. இன்னும் இருக்கிறது.