வைத்தியத்துக்கும் ஒரு ‘வேறு வைத்தல்’

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும், அதே வீட்டுக்குள் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு பணம், இவ்வளவு அரிசி என்று பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். சண்டை போட்டுப் பிரிவதல்ல இது. வரவுக்குள் செலவை அடக்கப் பழக்கும் ஏற்பாடு.

அந்தப் பழக்கத்தில் வளர்ந்த காரைக்குடிக் குடும்பம் ஒன்றில் சமீபத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கணவருக்கு 58 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. மனைவிக்கு 54. கணவரின் தாயாருக்கு 76. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வீடு. உள்ளே வருவது ஒரு சின்னக் கடையின் வருமானம்தான்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனில் சொன்னான். “அப்பச்சி, இன்சூரன்ஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும். நோய் வரலைன்னா அது போனது போனதுதான். அதை மாசாமாசம் தனிக் கணக்குல போட்டு, வைத்தியத்துக்குன்னே வச்சுக்கலாமே? அமெரிக்காவுல அப்படி ஒரு கணக்கு இருக்கு.”

அவருக்கு யோசனை பிடித்துப்போனது. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் கேட்டார்: “அது சேர்றதுக்குள்ள உடம்புக்கு ஏதாச்சும் வந்தா?”

விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மருத்துவச் சேமிப்புக் கணக்கு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. வரிச்சலுகை உண்டு; மீந்த பணம் அடுத்த வருஷத்துக்கும் போகும். ஆனால் காப்பீடு இல்லாதவர் அதில் பணம் போட முடியாது. பெரிய செலவைக் காப்பீடு ஏற்கும். அதற்கு முன் கைப்பணத்தில் கட்ட வேண்டிய பங்குக்குத்தான் அந்தச் சேமிப்பு.

செட்டிநாட்டார் பல தலைமுறையாகப் போய்வரும் சிங்கப்பூரில் கதை இன்னும் தெளிவு. 1984-ல் ‘மெடிசேவ்’ என்று சம்பளத்தில் பிடித்துச் சேமிக்கும் திட்டம் வந்தது. பெரிய மருத்துவச் செலவுக்கு அது மட்டும் போதாது என்பதால் 1990-ல் ‘மெடிஷீல்டு’ காப்பீட்டையும் சேர்த்தார்கள். சேமிப்பில் தொடங்கிய நாடே ஆறு வருஷத்தில் காப்பீட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டது.

நம் நாட்டில் எல்லோருக்குமான அப்படியொரு தனிக் கணக்கு கிடையாது. வங்கியில் நாமே ஒதுக்கி வைத்தால்தான் உண்டு. அப்படி ஒதுக்கினால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் கணக்குப் போட்டார்கள். மாதம் 3,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36,000; மூன்று வருஷத்தில் 1,08,000. தனியார் மருத்துவமனையில் ஓர் இதய அறுவை சிகிச்சைக்குச் சில லட்சங்கள் ஆகலாம். அது மூன்று வருஷம் காத்திருந்து வராது.

அதற்காகச் சேமிப்பு வேண்டாம் என்றும் ஆகாது. டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண்ணாடி, பல் வைத்தியம் போன்ற, ஆஸ்பத்திரியில் சேராமல் ஆகும் செலவுகளைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. மாதந்தோறும் பர்ஸைக் காலி செய்வது இவைதான். சேமிப்பு தெரிந்த செலவுக்கு. காப்பீடு தெரியாத செலவுக்கு.

அடுத்து, அரசாங்கம் தருவது என்ன என்று பார்த்தார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். இந்தக் குடும்பத்தின் வருமானம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல், 5 லட்சம் வரையிலான ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை 2024 அக்டோபர் 29-ல் மத்திய அரசு தொடங்கியது. 76 வயது அப்பத்தாவுக்கு அதைத்தான் விசாரிப்பது என்று முடிவானது. அருகில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது.

மீதி இருந்தது கணவனும் மனைவியும். அவர்களுக்குத் தனியார் பாலிசி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவிகிதம் இருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருஷம்தான், முன்பு நான்கு.

விண்ணப்பம் எழுதும்போது அவர் தயங்கினார். “சர்க்கரையைச் சொன்னா பிரீமியம் கூடுமே...”

“சொல்லாம விட்டா, கட்டுன பணமும் போயி, வர வேண்டிய பணமும் போயிரும். உள்ளதை எழுதுங்க” என்றார் மனைவி. எழுதினார்.

அந்தக் காத்திருப்புக் காலத்துக்குத்தான் சேமிப்பு. மாதம் 2,000 ரூபாய், தனிக் கணக்கில். தபால் ஆபீஸ் ஆர்.டி. என்றால் மூன்று வருஷத்துக்கு முன் முடித்துப் பணம் எடுக்க முடியாது. அவசரத்துக்கு உதவ வேண்டிய பணத்தை அப்படிப் பூட்டிவைக்கக் கூடாது என்று சாதாரண சேமிப்புக் கணக்கையே தேர்ந்தெடுத்தார்கள். மகனின் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்றும் கேட்கச் சொன்னார்கள். பல கம்பெனிக் காப்பீடுகளில் பழைய நோய்க்கும் காத்திருப்பு இருக்காது. ஆனால் அவன் வேலை மாறினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதனால் அதை நம்பிச் சொந்தப் பாலிசியை விடவில்லை.

உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்? அரசுத் திட்டத்தில் இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், கையைக் கடிக்காத அளவில் ஒரு பாலிசி. அதன்பிறகு, மாதம் 500 ரூபாயானாலும் வைத்தியத்துக்கென்று தனியாக. இந்த வரிசை மாறினால்தான் வீட்டை அடகு வைக்கும் நிலை வருகிறது.

கடைசியாக ஒன்று. பாலிசி எண், திட்ட அட்டை, உதவி எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் ஒட்டிவையுங்கள். நடு ராத்திரியில் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.