தண்ணீரை அளந்து சமைத்தவர்கள்

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாநாயகனுக்குப் பசி எடுத்தால், "அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான்" என்று ஒரே வரியில் அவன் வயிற்றை நிரப்பி அனுப்பிவிடலாம். அரிசி ஏது, விறகு ஏது, தண்ணீர் எடுத்து வந்தது யார் என்று வாசகர்கள் கேட்பதில்லை. வீட்டில் அப்படி நடக்குமா? அங்கே அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அரை நாள் போய்விடுகிறது. அந்த அரை நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிக்கனம் என்றாலே நமக்குக் காசுதான் நினைவுக்கு வருகிறது. எண்ணெயில் ஒரு கரண்டியைக் குறை, மலிவாகக் கிடைக்கும்போது காய் வாங்கி வற்றல் போடு என்று பத்திரிகைகள் சொல்லும் யோசனைகளை நானும் விடாமல் படிக்கிறவள்தான். நல்ல யோசனைகள்தாம். ஆனால் சிக்கனத்தின் பாலபாடமே வேறு என்று எனக்குக் காட்டியது அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கிடக்கும் வானம் பார்த்த பூமி. "எதைக் குறைக்கலாம்?" என்பது அங்கே இரண்டாவது கேள்வி. "இங்கே எது அரிது?" என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டை, தறிச் சத்தத்துக்குப் பெயர்போன நெசவாளர் ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் திருச்சுழி. பூமிநாதர் கோயிலும், அருகே குண்டாறும் இருக்கின்றன. ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பல மாதங்கள் மணல்தான் ஓடும்! பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த இந்தப் பகுதி, 1985-ல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்துக்குள் வந்தது. ஜில்லா மாறினாலும் மழை மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை நம்பித்தான் கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளைய வேண்டும். கண்மாய் பெருகினால் அந்த வருஷம் கல்யாணங்கள் நடக்கும்.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியம்மா இருந்தாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கேதான் போவேன். குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்து வர வேண்டும். ஊருணி வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு முழுக் கதை பேசி முடித்துவிடலாம். அப்படி வந்த தண்ணீர் அவள் வீட்டில் எத்தனை அவதாரம் எடுக்கும் தெரியுமா? அரிசி களைந்த முதல் தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கு. இரண்டாம் தண்ணீரில் புளி கரைப்பாள். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு தம்ளர். மிச்சம் சேலைக்குக் கஞ்சி போட. சாம்பலால் தேய்த்த பாத்திரங்களை ஒரே சட்டித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றுவாள். இதைப் பார்த்து நான் சிரித்தால், "தண்ணி சுமந்தவளுக்குத்தான் தாயி அதோட கனம் தெரியும்" என்பாள்.

தண்ணீருக்கு அடுத்தபடி அங்கே அரிது விறகு. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் காயவைத்த பருத்திமாரைத்தான் அடுப்பில் வைப்பார்கள். அது குபீரென்று பற்றும், சீக்கிரமே அடங்கியும்விடும். மணிக்கணக்கில் கொதிக்கிற பண்டங்களுக்கு அது சரிப்படாது. அந்த ஊர்ச் சமையலே அந்த நெருப்புக்கு ஏற்பத்தான் அமைந்தது. கம்மஞ்சோறு சாயங்காலம் ஒரு தடவை காய்ச்சினால் போதும். ராத்திரிக்குச் சுடச்சுட, மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். அடுப்பு ஒன்று, வேளை இரண்டு!

அதற்குத் தோதாகக் காணத் துவையல் செய்வாள். கொள்ளைத்தான் தெற்கே காணம் என்கிறோம். ஒரு கைப்பிடிக் காணத்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். நாலு மிளகாய் வற்றலைச் சொட்டு எண்ணெயில் வறுத்து, சுண்டைக்காயளவு புளி, இரண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைத்தால் ஆயிற்று. தேங்காய் இருந்தால் ஒரு கீற்று, இல்லாவிட்டாலும் குறையில்லை. கொதிக்க வைக்கிற வேலை கிடையாது. தண்ணீரும் அரைப்பதற்குத் தெளிக்கிற அளவுதான்.

இன்னொன்று அதலைக்காய். பாகற்காய்க்கு உறவு, மழைக்குப் பின் கரிசல் காட்டில் யாரும் விதைக்காமலே படர்ந்து காய்க்கும் சின்னக் காய். இதற்கு யாரும் தண்ணீர் பாய்ச்சியதில்லை. இரு முனைகளையும் கிள்ளிவிட்டு, காயை நறுக்காமல் முழுசாகப் போட வேண்டும். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, நிறைய வெங்காயத்தோடு தண்ணீர் விடாமல் மூடி வதக்கி, மிளகாய்ப் பொடியும் உப்பும் போட்டு, வறுத்த நிலக்கடலைப் பொடியைத் தூவி இறக்கினால் கசப்பு ஓர் அளவில் நிற்கும். முதல் தடவை முகம் சுளிக்கிறவர்கள் மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். நான் அந்த ரகம்.

திருச்சுழி என்றால் ரமண மகரிஷியை நினைக்காமல் இருக்க முடியாது. 1876 முதல் 1878 வரை இந்தப் பக்கத்தையெல்லாம் ஆட்டிப்படைத்த தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்தபின், 1879 டிசம்பர் 30-ஆம் தேதி அந்த ஊரில் பிறந்தவர் அவர். திருவண்ணாமலையில் அவர் மௌனமாக உட்கார்ந்திருந்த படங்களைத்தான் நமக்குத் தெரியும். ஆசிரமத்துச் சமையல் அறையில் விடியுமுன் உட்கார்ந்து காய் நறுக்கியவரும் அவரேதான். சிந்திய அரிசியைப் பொறுக்கி எடுப்பார். சமையலில் எதையும் வீணாக்க விடமாட்டார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய தாயார் அழகம்மாள் அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்டபோது, அப்பளம் இடுவதையே ஞானத்துக்கு உவமையாக்கி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய தத்துவங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால் சிந்திய அரிசியைக் குனிந்து எடுக்கும் அந்தக் கையில் திருச்சுழிச் சமையல்கட்டின் பழக்கமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்குள் இப்படி என்றால், வெளியே தங்கிச் சமைக்கும்போது எப்படி? இப்போது 'காம்பிங்' என்று சொல்லிக் கூடாரமும் காஸ் அடுப்புமாகப் போகிறார்கள். நம் பக்கத்தில் மாசி மாதச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற எல்லாக் குடும்பமும் அதைத்தானே செய்கிறது? பொட்டல் காட்டில் ஒரு கோயில். சுற்றிலும் நாலு மரம். ராத்திரி முழுக்க அங்கேதான். 1910-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் இந்து மாதவ மல்லிக் என்ற டாக்டர், அடுக்குப் பாத்திரத்துக்கு அடியில் கொஞ்சம் கரியை வைத்துச் சோறும் பருப்பும் ஒன்றாக வேகிற 'இக்மிக் குக்கர்' ஒன்றைக் கண்டுபிடித்தார். பிரயாணிகளுக்கு அது பெரிய உபகாரம். எங்கள் பெரியம்மாவுக்கு அது தெரியாது. மூன்று கல்லும் ஒரு பானையும் தெரியும்.

போகும் வழிக்குப் புளிச்சோறு. கெட்டிப் புளிக் கரைசலை நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை சுண்டக் காய்ச்ச வேண்டும். சோறு உதிரியாக வடித்து, நன்றாக ஆறிய பிறகே கிளற வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் புளித்துப்போகும். வெங்காயமும் தேங்காயும் கூடவே கூடாது. ஓலைக் கொட்டானில் வாட்டிய வாழையிலையைப் பரப்பி வைத்தால் மறுநாள் வரை கெடாது.

போன இடத்தில் கூட்டாஞ்சோறு. பானையில் முதலில் அரை ஆழாக்குத் துவரம்பருப்பைப் போட்டு வேகவிட வேண்டும். அது மலர்ந்ததும் இரண்டு ஆழாக்கு அரிசி, கத்தரிக்காய், முருங்கைக்கீரை, ஒரு கல்லில் நசுக்கிய சீரகமும் வெங்காயமும், மிளகாய்ப் பொடி, உப்பு. மொத்தத் தண்ணீர் ஏழு ஆழாக்கு. புளியைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றினால் பருப்பு வேகாது, விறகும் தண்ணீரும் தண்டம். முக்கால் பதத்தில் நெருப்பை இழுத்துவிட்டு, பானையை மூடித் தணலிலேயே விட்டால் மீதி தானே வெந்துவிடும். பானையைத் தேய்க்க மணல் இருக்கிறது. நெருப்பை அவிக்கவும் மணல்தான்; காய்ந்த காட்டில் ஒரு பொறிகூட மிச்சம் இருக்கக்கூடாது.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவளைக் கஞ்சம் என்று சொல்லிவிடாதீர்கள். உலை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடியரிசிப் பானை அது. திடீரென்று வரும் விருந்தாளிக்கும், வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கும் அதிலிருந்துதான் சோறு. கஞ்சன் மிச்சம் பிடிப்பது தனக்காக. சிக்கனக்காரி மிச்சம் பிடிப்பது, வந்தவரை இல்லை என்று சொல்லி அனுப்பாமல் இருப்பதற்காக.

இத்தோடு முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருந்தது. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடி இடித்தால்தான் கம்மஞ்சோறு. தண்ணீர்க் குடம் இடுப்பில். பருத்திமார்க் கட்டு தலையில். நாற்பது வயதிலேயே பெரியம்மாவின் முதுகு வளைந்திருந்தது. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில்தான் உட்காருவாள். பானையில் குறைந்தால், "எனக்குப் பசியில்லை" என்று நீராகாரத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். மாட்டுக்கும் கறிவேப்பிலைக் கன்றுக்கும் விருந்தாளிக்கும் பங்கு வைத்த அந்தக் கணக்கில் அவளுக்கு மட்டும் பங்கு இல்லை. அவளுடைய உழைப்பும் அரிதான பொருள்தான் என்று அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. இப்போது பட்டணத்துக் கடைகளில் கம்பும் குதிரைவாலியும் அழகான பொட்டலங்களில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. "அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடு!" என்று ஆண்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் காலத்து உலக்கையைப் பிடித்தவர்கள் அப்படிப் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே பழைய சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். குத்தித் தீட்டிய குதிரைவாலி கடையில் கிடைக்கிறது. துவையலை மிக்ஸி அரைக்கும். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக அதன் அருமை குறைந்துவிடவில்லை. அதலைக்காய்க்கு முனை கிள்ள வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அதற்குச் சாஸ்திரப் பயிற்சி ஒன்றும் தேவையில்லை. சமைத்தவளுக்கும் சேர்த்து இலை போடுங்கள். "இங்கே எது அரிது?" என்ற கேள்வியை மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் பதில் காசாக இராது; அடுப்படியில் நிற்பவளின் ஓய்வாக இருக்கும். அதை மிச்சம் பிடிப்பதுதான் நல்ல சிக்கனம்.