டெலஸ்கோப் வாங்கும் முன் அதன் காலைப் பாருங்கள்!

டெலஸ்கோப் வாங்கும் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். விற்பவர்களுக்கும் இது தெரியும். 60 மி.மீ. லென்ஸ் உள்ள குழாயின் பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சடித்து விடுகிறார்கள். உண்மையில் விட்டத்தில் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான். 60 மி.மீ. என்றால் 120. அதைத் தாண்டினால் சனிக் கோள் பெரிதாகும், ஆனால் கலங்கிய உருண்டையாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் குழாய்க்குக் கீழே இருக்கிறது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 100 மடங்கில் பார்த்தால், நடுவில் நிற்கும் கோள் ஒரு நிமிடத்துக்குள் ஓரத்துக்கு ஓடிவிடும். குழாயைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒல்லிக்கால் முக்காலியோ தொட்டாலே ஆடும்! சேர்த்து வைத்த காசில் வாங்கிய பல டெலஸ்கோப்புகள் பரணுக்குப் போவது இதனால்தான்.

கண்ணால் பார்க்க மட்டும் என்றால் ஜான் டாப்சன் பிரபலமாக்கிய மவுண்ட்டே போதும். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர் அவர் (1967-இல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது). கையில் காசில்லாததால் கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி என்று கிடைத்ததை வைத்து முடித்தார். தெருவோரம் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 2014-இல் மறைந்தார். அந்தப் பெட்டி ஆடாது, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். மிச்சமாகும் பணத்தில் பெரிய ஆடி வாங்கலாம்.

சரி, போட்டோ? நிலாவை அதிலேயே செல்போனால் எடுக்கலாம். நெபுலா எடுக்க நிமிடக்கணக்கில் ஒளி சேர்க்க வேண்டும். அதற்கு மோட்டார் வைத்த ஈக்வடோரியல் மவுண்ட் வேண்டும். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருந்தால்தான் நட்சத்திரம் கோடாக இழுபடாது. கேமரா ஏற்கெனவே இருந்தால், மீதிப் பணத்தில் பாதிக்கு மேல் மவுண்ட்டுக்கே ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம். குழாயைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சாய்வு ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னைக்கு 13 டிகிரி, கன்னியாகுமரிக்கு வெறும் 8. குளிர்நாடுகளை மனதில் வைத்துச் செய்த சில மவுண்ட்டுகள் அவ்வளவு கீழே இறங்குவதே இல்லை. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். துருவ நட்சத்திரமும் அதே 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதாவது பல மொட்டைமாடிகளில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்!