ஆள் நிற்கும் இடம்

சென்னையில் ‘ஜெமினி ஒண்ணு’ என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கொடுப்பார். அந்தப் பெயருக்குக் காரணமான ஸ்டூடியோ போய்ப் பல காலம் ஆகிறது. அங்கே 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஆனாலும் இறங்குகிறவருக்கோ இறக்கிவிடுகிறவருக்கோ எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான். ஒரு பட்டியலில் ‘ஜெமினி’, இன்னொன்றில் ‘ஜெமினி பார்சன்’, மூன்றாவதில் ‘அண்ணா மேம்பாலம்’ என்று இருந்தால், அது மூன்று இடம் என்றே எடுத்துக்கொள்ளும். மூன்றும் ஒன்றா, மேம்பாலத்தைச் சுற்றி வெவ்வேறு சாலைகளில் இருக்கும் தனித்தனி நிறுத்தங்களா என்று தீர்ப்பதுதான் நான் கற்ற தொழில்.

போக்குவரத்துத் தரவு தயாரிக்கும் ஒரு சிறிய குழுவில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் தரவைக் கட்டும் சீனியர் அக்கா. மற்றவர் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரை எல்லோரும் ‘சார்’ என்போம். அக்கா ஃபைலைக் கற்றுக்கொடுத்தார், சார் தெருவைக் கற்றுக்கொடுத்தார்.

ஃபைல் என்றால் ஜி.டி.எஃப்.எஸ். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரின் டிரைமெட் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005இல் சேர்ந்து உருவாக்கிய வடிவம் அது. காரில் போகிறவருக்கு வழி சொல்லும் வரைபடம் பஸ்ஸில் போகிறவருக்கும் ஏன் சொல்லக் கூடாது என்று டிரைமெட் ஊழியர் பிபியானா மெக்ஹியூ கேட்டதில் அது பிறந்தது. இன்று உலகெங்கும் பேருந்து, ரயில் தகவல்கள் இந்த வடிவத்தில்தான் பெரும்பாலும் கைமாறுகின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை கமா போட்ட சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். நிறுத்தங்களுக்கு ஒரு ஃபைல், ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வரி. அடையாள எண், பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என்று நீளும் அந்த வரி.

அக்காவின் முதல் பாடம் அந்த அடையாள எண். “பேரு எத்தனை தடவை வேணும்னாலும் மாறட்டும், நம்பர் மாறக் கூடாது” என்பார். கால அட்டவணை, வழித்தடம் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. 2020இல் கோயம்பேடு பேருந்து நிலைய மெட்ரோவுக்கு ஜெயலலிதா பெயரையும், ஆலந்தூர் மெட்ரோவுக்கு அண்ணா பெயரையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. பெயரையே அடையாளமாக நம்பிய பட்டியல் எதுவானாலும் அந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை ஆட்டம் கண்டிருக்கும்.

மற்ற ஊர்கள் இதை எப்படிச் செய்கின்றன என்றும் படிக்கச் சொன்னார். சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பலகையிலும் ஐந்து இலக்க எண் இருக்கிறது. சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே இருக்கும் நிறுத்தங்களின் எண்கள் பெரும்பாலும் ஒன்றிலும் ஒன்பதிலும் முடியும். பிரிட்டனின் நேப்டன் என்ற தேசியப் பட்டியல் பெயரையே கூறுபோட்டு வைக்கிறது: மக்கள் சொல்லும் பெயர் ஒரு கட்டத்தில், ‘எதிரில்’, ‘அருகில்’ போன்ற குறிப்பு வேறொரு கட்டத்தில், தெருவும் பகுதியும் தனித்தனிக் கட்டங்களில். நம் பட்டியல்களில் இவை அத்தனையும் ஒரே பெயருக்குள் திணிக்கப்பட்டிருக்கும். ஒருவர் ‘எதிரில்’ என்று முழுதாக எழுதுவார், மற்றவர் சுருக்கி எழுதுவார், மூன்றாமவர் எழுதவே மாட்டார். திருவான்மியூரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘எச்’ கூடினாலே புது நிறுத்தம் ஒன்று முளைத்துவிடும்.

அடுத்தது புள்ளி வைப்பது. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் எழுதினால் அந்தப் புள்ளி சுமார் 110 மீட்டர் வரை தள்ளிப்போக இடம் உண்டு. ஐந்து இலக்கம் எழுதினால் சுமார் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். அண்ணா சாலையில் 110 மீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. நடுவில் தடுப்பு, எதிர்ப்பக்கம் போகச் சுரங்கப்பாதை. புள்ளி தப்பான பக்கத்தில் விழுந்தால், செயலி காட்டிய இடத்தில் நிற்பவர் தன் பஸ் எதிரே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐந்து இலக்கத்தைச் செல்போனே தந்துவிடும். போனை எங்கே நின்று பிடிப்பது என்பதில்தான் சாரின் பாடம் ஆரம்பிக்கிறது. நிழற்குடை ஓரிடத்தில் இருக்கும், பெயர்ப்பலகை கொஞ்சம் தள்ளி இருக்கும், பஸ் இரண்டையும் தாண்டி நிற்கும். “தம்பி, ஷெல்டரைப் பாக்காதே, ஜனங்க காலைப் பாரு” என்றார். காலை நெரிசலில் ஓரமாக நின்று கவனித்தால், கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது தெரியும். பஸ்ஸின் பின்வாசல் எங்கே வந்து நிற்கும் என்று தினமும் ஏறுகிறவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரமென்றால் பூக்காரம்மாவையோ டீக்கடைக்காரரையோ கேட்க வேண்டும். “இங்க என்ன நம்பர் நிக்கும்?” என்று கேட்கச் சொல்வார் சார். “இது என்ன ஸ்டாப்பிங்?” என்று கேட்டால் பெயர்தான் கிடைக்கும். எந்த நம்பர் என்று கேட்டால், எது நிற்கும், எது நிற்காமல் போகும், எது சிக்னல் தாண்டி நிற்கும் என்று வரிசையாக வந்து விழும்.

ஸ்டேஜ் வேறு, ஸ்டாப்பிங் வேறு என்பதையும் சாரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டேஜ் என்பது கட்டணத்துக்கான எல்லை. ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு மூன்று நிறுத்தங்கள் அடங்கலாம். காசு வாங்க அது போதும். வழி காட்ட அது போதாது. ஆகவே ஸ்டேஜ் பட்டியலை அப்படியே எடுத்து நிறுத்தப் பட்டியலாக்க முடியாது. இடையிலுள்ள நிறுத்தங்களை வண்டியில் உட்கார்ந்து வந்துதான் குறிக்க வேண்டும்.

அக்காவும் சாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது கிண்டியில் புரிந்தது. புறநகர் ரயில், மெட்ரோ, ஜி.எஸ்.டி சாலையின் இரு பக்கப் பேருந்துகள் எல்லாமே கிண்டிதான். சார் ஒவ்வொரு நிற்குமிடத்தையும் தனியாகக் குறிக்கச் சொன்னார். அக்கா அவற்றுக்கு மேலே ஒரு தாய் நிலையத்தைப் போட்டு, எல்லாவற்றையும் அதன் கீழே கட்டினார். ‘கிண்டி’ என்று தேடுகிறவருக்கு ஓர் இடம் கிடைக்கும். அதற்குள் போனால் எந்த வாசல், எந்தப் பக்கம் என்று பிரியும். எல்லோரையும் ஒரே பெயர் சொல்ல வைப்பதுதான் தரப்படுத்தல் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தவன் நான். அடையாளத்தை அசையாமல் நிறுத்திவிட்டால் பெயர்களை மக்கள் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்பது அங்கே விளங்கியது. ஜெமினியும் அண்ணா மேம்பாலமும் ஒரே எண்ணின் கீழ் சண்டையில்லாமல் இருக்கலாம்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம். சக்கர நாற்காலியில் ஏற முடியுமா என்ற கட்டத்தில் 1 என்றால் முடியும், 2 என்றால் முடியாது, 0 என்றால் தகவல் இல்லை. பார்க்காத நிறுத்தத்துக்கு 2 போடுவதும் பொய்தான் என்பார் அக்கா. 2024இல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கட்டத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. வண்டி தாழ்ந்து வந்து நின்றாலும், நடைபாதை உடைந்திருந்தால் அதில் ஏற முடியாது.

இத்தனையும் செய்து முடித்த பட்டியல் அன்றிலிருந்தே பழசாகத் தொடங்குகிறது. சுமார் 119 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகப் பல சாலைகளில் நிறுத்தங்கள் இடம் மாறின. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்ததும் தெற்கே போகும் வழிகள் திசை மாறின. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022இல் 5,904 ஆக விரிந்தது. மறுபக்கம், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே செயலியில் சேர்த்த ‘சென்னை ஒன்’ 2025 செப்டம்பரில் வந்தது. கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010லேயே சட்டம் உண்டு. ஆக, வடிவமும் செயலியும் குழுமமும் இருக்கின்றன. மீதியிருப்பது ஒரு தினசரி நடைமுறை: சாலையில் பெயர்ப்பலகையைப் பிடுங்கி நூறடி தள்ளி நடுகிறவர், அன்றைக்கே பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள புள்ளியையும் நகர்த்த வேண்டும். அந்தப் பொறுப்பு பலகை நடும் உத்தரவிலேயே எழுதப்படாதவரை, எங்களைப் போன்றவர்கள் அதே சாலையில் மறுபடி மறுபடி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.