வார்ப்பும் பொருத்தமும்



என் பாட்டனாரை நாங்கள் 'அப்பா' என்றே அழைப்போம். அவர் கொழும்பில் மாணிக்கக்கல் வணிகம் செய்தவர். காயல்பட்டினத்தில் அந்தத் தலைமுறையினர் பலரின் பிழைப்பு அதுவாகவே இருந்தது. ஊருக்கு வருவதென்றால் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவதே வழக்கம். ஒரே ஒரு முறை, 1950களில், இரத்மலானையிலிருந்து சென்னைக்கு ஏர் சிலோனின் டக்கோட்டா விமானத்தில் பறந்து வந்தார். அந்த ஒரு பயணத்தை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். நிற்கும்போது வால்பக்கம் தாழ்ந்திருக்குமாம். முன் இருக்கைக்குப் போக மேடேறுவதுபோல் நடக்க வேண்டுமாம். இறங்கி இரண்டு நாள் ஆன பின்னும் காதுக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் மவுத்தான பிறகு அந்த விமானத்தின் மாதிரியை என் கையாலேயே செய்து பார்ப்பது என்று நிய்யத் வைத்தேன்.

பெட்டியில் விற்கும் பாகங்களை வாங்கி ஒட்டினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. வரைபடத்தை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டிலும் பால்சா மரத்திலும் முதலிலிருந்து செதுக்குவது என்று முடிவு செய்தேன். அளவு 48-இல் ஒரு பங்கு. உண்மை விமானத்தின் 29 மீட்டர் இறக்கை மேசையின்மீது 60 சென்டிமீட்டராகிறது. விமானியின் உருவம் வைக்கவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதும், செய்தே ஆக வேண்டுமானால் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒருவருக்கு வழிகாட்டியதும் யாவரும் அறிந்தவை. எனவே என் டக்கோட்டாவின் முன்னறை காலியாகவே இருக்கிறது.

ஒன்றுபோல் பல பாகங்கள் வேண்டும்போதுதான் வார்ப்பு வேலை தொடங்குகிறது. ஒரு சக்கரத்தை நுட்பமாகச் செய்துவிடலாம். இரண்டாவது அதைப்போலவே அமைவதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் மூலமாதிரியாகச் செய்து, அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மகனின் லெகோ கட்டிகளால் சுற்றுச்சுவர் எழுப்பி, சிலிக்கோனை ஊற்ற வேண்டும். ஒரு மூலையில், உயரத்திலிருந்து, நூல்போல் மெல்லிய தாரையாக ஊற்றினால் உள்ளிருக்கும் காற்றுக்குமிழிகள் வழியிலேயே உடைந்துவிடும். மறுநாள் இறுகியதும் உரித்தெடுத்தால் மூலத்தின் நகக்கீறல்கூட அச்சில் பதிந்திருக்கும். என் முதல் அச்சு மூன்று நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. பிளாட்டினத்தால் இறுகும் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. நான் அடியில் வைத்த களியில் கந்தகம் இருந்தது. அதன் பிறகு வெள்ளீயத்தால் இறுகும் வகைக்கு மாறினேன்.

அச்சில் ஊற்றுவது பாலியூரித்தேன் ரெசின். இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்தால் நான்கைந்து நிமிடங்களில் கெட்டியாகத் தொடங்கிவிடும். அதற்கு ஈரம் பகை. ஐப்பசி மழையில் எங்கள் கடற்காற்றில் திறந்து வைத்த புட்டியின் ரெசின், வார்ப்பில் பாலாடைபோல் நுரைத்துப் பொங்கியது. இன்னொரு தொல்லையும் உண்டு. ரெசின் விரலில் பட்டு இறுகினால் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். அதன் கீழ் நீர் செல்லாது. மருதாணிச் சாயம் வேறு, இது வேறு. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தபோது பெருவிரலில் கண்ணாடிபோல் ஒரு படலம் தெரிந்தது. உளூவே சேரவில்லை. சுரண்டியெடுத்து, மீண்டும் உளூ செய்து, தொழுகையைத் திரும்பத் தொழுதேன். அன்றிலிருந்து கையுறையின்றி ரெசினைத் தொடுவதில்லை. பாங்குக்கு அரைமணி நேரம் முன்பே கலவையை நிறுத்திவிடுவேன்.

இவையெல்லாம் சிறு இடர்கள். நான் சொல்ல வந்தது இயந்திரத்தைப் பற்றி.

டக்கோட்டாவின் இரண்டு இயந்திரங்களும் பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப். ஒவ்வொன்றிலும் ஏழேழாக இரண்டு வரிசை, ஆக 14 சிலிண்டர்கள். இயந்திரத்தின் குறுக்களவு 48 அங்குலம். என் அளவில் சரியாக ஓர் அங்குலம். அதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் குளிர்விக்கும் தகடுகள் அடுக்கடுக்காக வர வேண்டும். நான்கு முறை முயன்று நான்கையும் குப்பையில் போட்டேன். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான், எனக்கென்று ஓர் இயந்திரத்தை வாங்கி வந்தார். ஐரோப்பாவில் தனியொருவர் தம் வீட்டுப் பட்டறையில் செய்து விற்கும் ரெசின் வார்ப்பு. அத்தனை அழகு. பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது: இது என் கையுழைப்பு, இதைப் படியெடுக்க வேண்டாம் என்ற பொருளில் இரண்டு வரி. படித்தேன். மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

எனக்கு வேண்டியவை இரண்டு, கையிலிருந்தது ஒன்று. அன்றிரவே அதன்மேல் சிலிக்கோனை ஊற்றிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே என்று மனம் சொன்னது. பிறகு மாதிரி செய்யும் நண்பர்கள் கேட்டார்கள். ரெசின் செலவுக்கு என்று சொல்லி நான்கு பேருக்கு நான்கு படிகளை விற்றேன். கிடைத்தது செலவைவிடக் கூடுதல்.

என் மகன் விருந்தாளிகளிடம் விமானத்தைக் காட்டும்போதெல்லாம் "எல்லாம் வாப்பா கையாலேயே செஞ்சது" என்பான். ஒருமுறை இயந்திரத்தைத் தொட்டுக்காட்டி, "இதுதான் ரொம்பக் கஷ்டம், இல்லையா வாப்பா?" என்று கேட்டான். விருந்தாளிகளும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம்" என்றேன். அன்றிரவு இஷாவில் இமாம் என்ன ஓதினார் என்பது எனக்கு நினைவில்லை.

மறுநாள் எங்கள் மஹல்லாவின் ஆலிம்சாவிடம் போய் உட்கார்ந்தேன். வாங்கிய பொருள், அறிவுக்கு ஏது உரிமையாளர், அவர் யாரோ எங்கோ இருக்கிறார் என்று நான் அடுக்கியவற்றைப் பொறுமையாகக் கேட்டார். 1988-ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆக்கங்களுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் உள்ள உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்திருப்பதை எடுத்துச் சொன்னார். அல்லாஹ்வின் உரிமையில் செய்த பிழைக்குத் தவ்பா போதும்; அடியானின் உரிமையில் செய்ததற்கு அவனிடமே போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும்; அவன் எந்த மதத்தவனாயினும் சரி என்றார். தொழுகையோடும் நோன்போடும் வந்தும், பிறருக்குச் செய்த அநியாயத்தால் நன்மைகளையெல்லாம் இழந்து நிற்கும் 'முஃப்லிஸ்' பற்றிய ஹதீஸை அவர் நினைவூட்டவில்லை. அதை நானே நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன்.

அந்த ஐரோப்பியருக்கு எழுதுவதற்கு மூன்று இரவுகள் ஆயின. மன்னிப்புக் கேட்பதைவிட, சீட்டைப் படித்த பிறகுதான் செய்தேன் என்று எழுதுவதே கடினமாக இருந்தது. எனக்கென ஒன்று, விற்றது நான்கு, ஆக ஐந்து படிகளுக்கும் உரிய விலையைத் தர ஆயத்தமாயிருப்பதாகத் தெரிவித்தேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இப்படி ஒரு கடிதம் தமக்கு இதுவரை வந்ததில்லை என்றும், இரண்டு படிகளுக்கு மட்டும் விலை அனுப்பினால் போதும், மீதியை விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருந்தார். அச்சை அழித்துவிடும்படி கேட்டிருந்தார். அதோடு சிலிண்டர் செய்யும் வழியொன்றையும் கடைசியில் சேர்த்திருந்தார். நான் கேட்கவேயில்லை.

அச்சைக் கத்தியால் துண்டுதுண்டாக நறுக்கினேன். மோட்டார் சுருள் கட்டும் கடையிலிருந்து மெல்லிய செம்புக்கம்பி வாங்கி வந்து, அவர் சொன்னபடி பிளாஸ்டிக் தண்டில் ஒரு கம்பி இடைவெளி விட்டு இறுக்கிச் சுற்றினேன். உண்மையில் அந்தத் தகடுகள் தனித்தனி வளையங்கள். என்னுடையது ஒரே சுருள். இந்த அளவில் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒரே ஒரு சிலிண்டரை மூலமாக வைத்து அச்செடுத்தேன். நுண்ணிய இடுக்குகளிலும் ரெசின் இறங்குவதற்காக அச்சுக்குள் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டு ஊற்றினேன். 28 நல்ல வார்ப்புகளுக்காக நாற்பதுக்கு மேல் வார்க்க வேண்டியிருந்தது. மச்சான் வாங்கித் தந்ததோடு ஒப்பிட்டால் என்னுடையது சற்றுக் கரடுமுரடுதான். வலப்பக்க இயந்திரத்தின் கீழ்ச் சிலிண்டரில் ஒரு குமிழி ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் விட்டுவிட்டேன். மகனிடம் நடந்ததை முழுமையாகச் சொன்னேன். "அப்ப அந்த 'ஆமாம்' பொய்யா வாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

படிகளை வாங்கிய நால்வரில் மூவரிடம் உண்மையைக் கூறிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தேன். இருவர் வேண்டாமென்று பொருந்திக்கொண்டார்கள்; ஒருவர் பாகத்தைத் திருப்பித் தந்து பணத்தைப் பெற்றுக்கொண்டார். நான்காமவர் வளைகுடாவுக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். பழைய எண்ணில் அவர் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் பழகியவர், நீர்மூழ்கி வேட்டை விமானமொன்றைச் செய்துகொண்டிருந்தவர். அவர் இதைப் படித்தால், அவருடைய பணம் ஓர் உறையில் என்னிடம் இருக்கிறது, வந்து பெற்றுக்கொள்ளட்டும்.