ஆமை முட்டையும் கோழி இன்குபேட்டரும்

நாட்டுக்கோழிக்கு இன்குபேட்டர் வச்சிருக்கற மக்களே, ஆமை முட்டை கிடைச்சா அதுல மட்டும் வச்சிடாதீங்க.

கோழி முட்டைக்கு 37.5 டிகிரி, 21 நாள், தினமும் திருப்பிவிடணும். ஆமைக்கு எல்லாமே தலைகீழ். கரு ஓட்டோட உள்பக்கம் ஒட்டிக்கும். அப்புறம் உருட்டினா செத்துடும். நட்சத்திர ஆமைக்கு 30 டிகிரி பக்கம், மாசக்கணக்கா. சூடு கூடினா பொட்டை, குறைஞ்சா ஆண் :-)

சென்னைக் கடற்கரையில 1988லேர்ந்து மாணவர்கள் பங்குனி ஆமை முட்டைகளை ராத்திரியே எடுத்து, பத்திரமான இடத்துல குழி தோண்டிப் புதைக்கறாங்க. அதுவும் வனத்துறைக்குத் தெரிஞ்சுதான். நட்சத்திர ஆமையோ 2022 திருத்தச் சட்டப்படி புலி இருக்கற அதே முதல் அட்டவணையில. வீட்ல வைக்கவே கூடாது.

போன மாசம் ஓசூர் சிப்காட் தாண்டி ஜேசிபி தோண்டின இடத்துல நாலு வெள்ளை முட்டை. ஆமை முட்டைன்னு பெரியவங்க சொன்னாங்க. "உங்க மெஷின்ல வைங்கண்ணா, மறுபடி மண்ணள்ள வந்துடுவாங்க"ன்னு பக்கத்து வீட்டுப் பையன் கெஞ்சினான். வண்டியை நிறுத்தச் சொல்லி, முட்டையைத் திருப்பாம மேல்பக்கம் பென்சில்ல குறி போட்டு, வனத்துறைக்கு போன் போட்டோம். வந்து மண்ணோட எடுத்துட்டுப் போனாங்க. உள்ள உயிர் இருக்கான்னு யாருக்கும் தெரியல.

"பொரிஞ்சா சொல்லுவாங்களாண்ணா?"ன்னு தினமும் கேக்கறான்.